கோமதியின் பட்டியலுக்கு என் பதில்

ஜனவரி 12, 2025

அன்புள்ள கோமதி,

2024இல் உனக்குப் பிடித்தவற்றின் பட்டியல் கிடைத்தது. பத்துப் படங்கள், ஐந்து பாட்டுகள், கச்சேரி என்ற தலைப்புக்குக் கீழே ஒரு கோடு. கச்சேரிக்கே போகவில்லையா, போய்விட்டு எழுத அலுப்பா? விடுதி அறையில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, முன்னிசையின் முதல் வீச்சிலேயே என்ன பாட்டு என்று சொல்லிவிடுகிறவள் நீ. உன் பட்டியலில் இசை இவ்வளவு இளைத்துப்போனதில் எனக்குச் சம்மதமில்லை. நான் இந்த முறை வரிசை எண் போடப் போவதில்லை. 2024இல் பார்த்ததிலும் கேட்டதிலும் எது மனத்தில் தங்கியதோ அதை எழுதுகிறேன். சண்டைக்கு இடமுண்டு, நிறையவே உண்டு.

முதலில் நீ முதலிடம் கொடுத்த 'மகாராஜா'. நித்திலன் சாமிநாதன் திரைக்கதை கட்டுவதில் கெட்டிக்காரர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று ஒருவர் காவல் நிலையத்தில் போய் உட்காருவதும், எல்லாரும் சிரிப்பதும், அந்தச் சிரிப்பு போகப்போக நமக்கே கூச்சமாகிவிடுவதும் நன்றாகத்தான் இருந்தன. இரண்டு வேறு காலங்களை ஒரே காலம்போலக் காட்டி நம்மை ஏமாற்றியிருக்கிறார் என்று புரிந்தபோது நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விஜய் சேதுபதிக்கு இது 50வது படம். அவர் இவ்வளவு அடக்கிப் பேசி நடித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! ஆனாலும் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசிவரை ஒளித்துவைத்து, அதிர்ச்சிக்கான சரக்காக எடுத்து நீட்டியது உறுத்துகிறது. இரண்டாம் முறை பார்த்தபோது வியப்பு கழன்றுவிட்டது, உறுத்தல் மட்டும் அப்படியே இருந்தது. நீயும் இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்.

'அமரன்' விஷயத்தில் சண்டை வேண்டாம். சாய் பல்லவி வரும் காட்சிகளுக்காக அதை உன் பட்டியலிலேயே விட்டுவைக்கிறேன்.

எனக்கு ஆண்டின் படம் 'கொட்டுக்காளி'. நீ பாதியில் எழுந்து வந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். "ஒன்றுமே நடக்கவில்லை, பின்னணி இசைகூடக் கிடையாது" என்று புகார் வேறு. கோமதி, உன்னைப்போல் காது உள்ளவர்களுக்காகவே எடுத்த படம் அது! வேறு சாதிப் பையனை விரும்பும் பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டிய குடும்பம், ஆட்டோவிலும் பைக்கிலுமாகச் சாமியாடி ஒருவரிடம் அவளைக் கூட்டிப்போகிறது. கதை இவ்வளவுதான். பின்னணி இசை இருந்திருந்தால், அவளைப் பார்த்து எந்த நொடியில் இரங்க வேண்டும், சூரியின் பாண்டியைப் பார்த்து எந்த நொடியில் அஞ்ச வேண்டும் என்று வயலின்களே நமக்குச் சொல்லிவிடும். பி. எஸ். வினோத்ராஜ் அந்த உதவியைப் பிடுங்கிக்கொண்டுவிட்டார். ஆட்டோவின் இரைச்சல், காற்று, கால் கட்டப்பட்ட சேவலின் படபடப்பு, கட்டிப்போன தொண்டையிலிருந்து பாண்டி இழுத்துப் பேசும் கரகரப்பு, இவற்றை வைத்துக்கொண்டு நாமே முடிவுசெய்துகொள்ள வேண்டியதுதான். அந்தப் பெண்ணாக வரும் அன்னா பென் அநேகமாக வாயே திறப்பதில்லை. அவள் பேசாமல் இருக்க இருக்க, சுற்றியிருப்பவர்களின் பேச்சு எவ்வளவு பெரிய கூச்சல் என்பது நம் காதில் உறைக்கிறது.

வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு கேட்கிறது. அந்தப் பெண் தன்னையறியாமல் அதை முணுமுணுக்கிறாள். அதைப் பார்த்துதான் பாண்டிக்கு வெறி ஏறுகிறது. எதிரே வந்தவர்களையெல்லாம் அடிக்கிறான். மொத்தப் படத்திலும் பாட்டு என்று இருப்பது அது ஒன்று, அதை முணுமுணுத்ததற்குக் கிடைப்பது அடி! இந்த இடம் வருவதற்கு முன்பே நீ எழுந்து போயிருப்பாய் என்று நினைக்கிறேன். இவருடைய முதல் படம் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது வாங்கியது. இந்தப் படம் 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டது. நம் ஊர்த் திரையரங்குகளில் கிடைத்த வரவேற்பு உனக்கே தெரியும். உன்னைப்போல் பலர் எழுந்து போனார்கள்.

'கொட்டுக்காளி' வெளியான அதே ஆகஸ்ட் 23ஆம் தேதிதான் 'வாழை'யும் வந்தது. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்ததால் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அந்த இரண்டு சிறுவர்களும் ரஜினியா கமலா என்று அடித்துக்கொள்ளும் இடங்கள் அத்தனையும் உயிரோடு இருந்தன. பூங்கொடி டீச்சர் 'பஞ்சுமிட்டாய் சேல கட்டி'க்கு ஆடும்போது அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தாயா? வெட்கம், பக்தி, பெருமிதம் எல்லாம் ஒன்றாகக் கலந்து அப்படியே நின்றுவிடுகிறான். மாரி செல்வராஜ் தன் சிறுவயதையே எடுத்திருக்கிறார், அதனால் அந்த முகங்களில் பொய் இல்லை. கடைசிப் பகுதியில் மட்டும் இசை கொஞ்சம் ஒதுங்கி நின்றிருக்கலாம். அழுகை தானாக வந்துகொண்டிருக்கும்போது தோளைப் பிடித்து உலுக்கினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இப்போது உன் பெரிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பழைய பாட்டைப் புதிய படத்தில் போட்டுக் கைதட்டல் வாங்குவது கடன் வாங்கிய கண்ணீர் என்கிறாய். முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். கதாநாயகன் கதவைத் திறக்கும்போதும் வில்லன் கத்தியை எடுக்கும்போதும் எண்பதுகளின் பாட்டு ஒன்றை ஓடவிட்டு விசில் வாங்கும் பழக்கம் எனக்கும் சலித்துவிட்டது. ஆனால் மீதிக் கால்வாசிக்குள் 2024இன் இரண்டு நல்ல படங்கள் இருக்கின்றன, அவற்றை உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தையே எடுத்துக்கொள். 'குணா' 1991இல் வந்தது. 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டில் கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாதி பேசி, பாதி பாடி அந்தக் கடிதத்தை எழுதியபோது, அது ஒரு குகைக்குள் அடைபட்ட இருவரின் பாட்டு. இயக்குநர் சிதம்பரம் தொடக்கத்திலேயே அந்தப் பாட்டைப் போட்டுவிடுகிறார். கொடைக்கானலுக்குச் சுற்றுலா கிளம்பும் பையன்களுக்கு அப்போது அது வெறும் சினிமாப் பாட்டு. பிறகு அதே குகையில் ஒருவன் விழுந்து, இன்னொருவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, இருவரும் மண்ணும் ரத்தமுமாக மேலே வரும்போது, வாலியின் வரி திரும்ப ஒலிக்கிறது. காதலுக்காக எழுதிய வரி நட்புக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்குப் பெயர் கடனா? படம் தனக்குள்ளேயே அந்தப் பாட்டுக்கு இடம் கட்டிக்கொடுத்திருக்கிறதே! தமிழில் மொழிமாற்றம் செய்யாமல் மலையாளத்திலேயே நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். 200 கோடி ரூபாய் வசூலைத் தொட்ட முதல் மலையாளப் படமும் அதுதான். மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து தயாரிப்பாளர்களுக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் போனதும் உனக்கு நினைவிருக்கும். "இவ்வளவு பணமிருந்தும் இவருக்கு ஏன் இந்த வேலை" என்று பலர் எழுதினார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஒரு படத்தின் உச்சக்காட்சியைத் தாங்கும் அளவுக்குப் பாட்டு உயிரோடு இருக்கிறது என்றால், அதை உண்டாக்கியவர் கணக்குக் கேட்பதில் என்ன தவறு?

இரண்டாவது 'லப்பர் பந்து'. அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்கும்போதெல்லாம் 'பொன்மனச் செல்வன்' படத்தின் 'நீ பொட்டு வச்ச தங்கக்குடம்' ஒலிக்கிறது. அங்கே அந்தப் பாட்டு கெத்து என்கிற அந்த மனிதரின் குணம். விஜயகாந்த் ரசிகர், வயதாகிவிட்டது, மைதானத்தில் இறங்கும்போது மட்டும் வயது குறைகிறது. பாட்டை எடுத்துவிட்டால் அந்தப் பாத்திரத்தில் பாதி போய்விடும். விஜயகாந்த் காலமானது 2023 டிசம்பர் 28. படம் வந்தது அடுத்த செப்டம்பர். திரையரங்கில் என் வரிசையில் இருந்தவர்கள் தாளம் போட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தமிழரசன் பச்சமுத்துவுக்கு இது முதல் படம் என்று நம்ப முடியவில்லை. சாதியைப் பற்றி இவ்வளவு கூர்மையாகப் பேசும் படம் இவ்வளவு சிரிக்கவும் வைக்கிறது. யசோதையாக வரும் ஸ்வாசிகா டிராக்டரை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வரும் இடத்தை மட்டும் இன்னும் நான்கு முறை பார்க்கலாம்.

'மெய்யழகன்' உன் பட்டியலில் ஒன்பதாவது! அநியாயம். ஓர் இரவு முழுக்க இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் படம். அதில் ஒருவருக்கு மற்றவரின் பெயர்கூட நினைவில்லை. தன்னை இவ்வளவு கொண்டாடுகிறவனின் பெயரைக் கேட்க முடியாமல் அரவிந்த்சாமி தவிக்கும் தவிப்பு, பெயர் தெரியாமலேயே விடியற்காலையில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடும் அந்தக் கோழைத்தனம்... நம்மில் யாரும் செய்யாததா? கார்த்தியை இவ்வளவு பேச விட்டும் சலிக்காமல் பார்த்துக்கொண்டதற்கு ச. பிரேம்குமாரைப் பாராட்ட வேண்டும். வெளியான சில நாட்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். நீ வெட்டியதைப் பார்த்திருப்பாய் என்று தோன்றுகிறது. இல்லாவிட்டால் ஒன்பதாவது இடம் கொடுத்திருக்க மாட்டாய். நீளமாகப் பேசுவதுதான் அந்தப் படத்தின் சுபாவம், அதைச் சுருக்கி என்ன லாபம்? கோவிந்த் வசந்தாவின் இசை பேச்சுக்கு வழிவிட்டுவிட்டு, இருவரும் வாய் மூடும்போது மட்டும் உள்ளே வருகிறது. 'யாரோ இவன் யாரோ' கமல் குரலில் வரும்போது எனக்கு வேறு பாடகர் யாரும் வேண்டியிருக்கவில்லை. சுருதி சுத்தமாக இருக்க வேண்டும் என்பாய். அந்தக் குரலில் ஏறியிருக்கும் வயது அந்த இடத்துக்கு வேண்டியிருக்கிறது.

'ஜமா' நீ பார்க்கவில்லை என்று தெரிகிறது. தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டிக்கட்டி ஊராரின் கேலிக்கு ஆளாகும் ஒருவன், அருச்சுனன் வேடம் கட்ட ஆசைப்படும் கதை. பாரி இளவழகனே எழுதி, இயக்கி, நடித்திருக்கிறார். இசை இளையராஜா. சத்தமில்லாமல் வந்து போய்விட்டது. அவசியம் பார்.

தமிழுக்கு வெளியே ஒரே ஒரு படம் சொல்கிறேன். பாயல் கபாடியாவின் 'பிரபையாய் நினைச்சதெல்லாம்'. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போன இந்தியப் படம். கிராண்ட் பிரீ விருதோடு திரும்பியது. ஆனால் விருதுக்காக இதைச் சொல்லவில்லை. மும்பையில் வேலை பார்க்கும் ஒரு மலையாள நர்ஸ்; கணவன் ஜெர்மனியில். வெகுநாளாகப் பேச்சில்லை. திடீரென்று ஜெர்மனியில் செய்த ஒரு மின்சாரச் சோறாக்கும் பாத்திரம் பார்சலில் வருகிறது, கடிதம் எதுவும் இல்லை. இரவில் அதைத் தரையில் வைத்துக் கட்டிக்கொள்கிறாள் கனி குஸ்ருதி. வசனம் இல்லாத இந்தக் காட்சிக்கு நம் இயக்குநர்கள் எத்தனை பக்கம் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். படத்தில் இடையிடையே ஒரு பியானோ வருகிறது, நடக்கும்போது தயங்கித் தயங்கி நிற்பவரின் காலடிபோல. எத்தியோப்பியாவைச் சேர்ந்த கன்னியாஸ்திரீ எமஹோய் செகே மரியாம் கெப்ரூ வாசித்தது. அன்றிலிருந்து அவர் வாசிப்பைத் தேடித்தேடிக் கேட்கிறேன். உனக்கு இந்த ஆண்டு நான் தரும் பரிசு அந்தப் பெயர்தான்.

பாட்டுகளில் ஒரு விஷயம் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. ஆண்டின் தொடக்கத்தில், 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் மறைந்த பம்பா பாக்யாவையும் சாகுல் ஹமீதையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு பாடவைத்தார் ஏ. ஆர். ரகுமான். குடும்பத்தினரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். அந்த ஒழுங்கு நல்லது. ஜனவரி 25இல் பாடகி பவதாரிணி போய்விட்டார். ஜூனில் 'கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' வந்தது. விஜயோடு சேர்ந்து, அதே செயற்கை நுண்ணறிவு வழியில் பவதாரிணியின் குரல். அண்ணன் இசையமைத்த பாட்டில் தங்கையின் குரல் என்பதால் குறை சொல்ல வாய் வரவில்லை. கேட்டு அழுதேன் என்று நீ எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். எனக்கென்னவோ, 'பாரதி' படத்தின் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாட்டில் அவர் மூச்சு எடுக்கும் இடங்கள்தான் நினைவுக்கு வந்தன. அந்த மூச்சு புதிய பாட்டில் இல்லை. குரலின் நிறம் இருக்கிறது, ஒரு சொல்லில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று தீர்மானிக்கிற ஆள் இல்லை. இன்னும் பத்து ஆண்டுகளில் இந்த வேறுபாடு தெரியாமல் போய்விடும் என்று என் அண்ணன் மகள் சொல்கிறாள். அவள் மும்பையில் நடக்கவிருக்கும் கோல்ட்ப்ளே நிகழ்ச்சிக்கு டிக்கெட் கிடைத்த பெருமையில் இருக்கிறாள், இப்போது அவளோடு வாதாட முடியாது.

கச்சேரிக்கு வருகிறேன். பெரிய இசையமைப்பாளர் ஒருவரின் திறந்தவெளி நிகழ்ச்சிக்கு, கேட்டவர்கள் வற்புறுத்தியதால் போனேன். பெயர் வேண்டாம். பாஸ் ஒலியில் நெஞ்செலும்பு அதிர்ந்தது. முன்னால் இருந்தவர்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்ததால் மேடையை அவர்களின் திரைகளில்தான் பார்த்தேன். ஒரே ஒரு ஆறுதல், நடுவில் ஒரு புல்லாங்குழல் கலைஞர் தனியாக வாசித்த இடம். அப்போது மட்டும் கூட்டம் தானாக அடங்கியது. அதன் பிறகு டிரம்ஸ் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

எனக்குப் பிடித்த கச்சேரி மார்கழியில் ஒரு மதியவேளையில் கிடைத்தது. சபாக்களில் மதியக் கச்சேரிகள் இளைஞர்களுக்கானவை என்று உனக்குத் தெரியும். டிக்கெட் இல்லை, கூட்டமும் இல்லை. பாடியது ஓர் இளம்பெண். பேகடா ராகத்தை எடுத்துக்கொண்டார். பேகடாவில் மத்தியமம், நிஷாதம் என்ற இரண்டு ஸ்வரங்களையும் பிடிக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் அழுத்தினால் கெட்டுவிடும், கொஞ்சம் விட்டாலும் கெட்டுவிடும். அவர் அந்த மத்தியமத்தில் போய் நின்றார். வேகமான பிருகா எதுவும் இல்லை, கைதட்டலுக்கு ஏங்கவில்லை. வயலின் வாசித்த பையன் அதை அப்படியே திருப்பி வாசிக்காமல், கொஞ்சம் கேட்டுவிட்டு, அதற்கு ஒரு பதில் சொன்னான். அந்த நேரத்தில் நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் முழங்கையைக் கிள்ளியிருப்பாய்.

அதன் பிறகு தனி ஆவர்த்தனம், தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. தனி தொடங்கியதும் வழக்கம்போல எழுந்தார்கள். இருக்கைகள் படபடவென்று மடங்கின. அப்போது ஜாகிர் உசேன் போய்ச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில், 73 வயதில். பிப்ரவரியில்தான் ஒரே இரவில் மூன்று கிராமி விருதுகள் வாங்கியிருந்தார். அவற்றில் ஒன்று 'சக்தி' குழுவின் இசைத்தொகுப்புக்கு. எழுபதுகளில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு அவர் தபலா சேர்ந்து வாசித்த அதே 'சக்தி'யில் பிறகு கஞ்சிராவோடு சேர்ந்தவர் விக்குவின் மகன் செல்வகணேஷ். அந்தக் குழுவின் நிகழ்ச்சிப் பதிவுகளைப் பார்த்தால் ஒன்றைக் கவனி: மற்றவர் வாசிக்கும்போது ஜாகிரின் முகத்தைப் பார். அவர் வாசிப்பதைவிடக் கேட்பது எனக்கு அதிகம் பிடிக்கும். அவருக்காகக் கைப்பேசிகளில் இரங்கல் எழுதிய கைகள்தான், மிருதங்கக்காரரும் கஞ்சிராக்காரரும் மிஸ்ர நடைக்கு வந்துகொண்டிருந்தபோது பையை எடுத்துக்கொண்டு வெளியே போயின. அந்த இரண்டு பையன்களும் பாதி காலியான அரங்கில் மோரா, கோர்வை என்ற முடிவுத் தாளக்கட்டுகளை ஒரு பிசகில்லாமல் முடித்தார்கள். நான் எழுந்து நின்று கைதட்டியதால் பின்னால் இருந்த மாமா ஒருவர் முறைத்தார். முறைக்கட்டும்.

'விடுதலை' இரண்டாம் பாகத்தை இன்னும் பார்க்கவில்லை. வசனம் அதிகம் என்கிறார்கள். உனக்குப் பிடித்திருப்பதால் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஜெயச்சந்திரன் 9ஆம் தேதி போய்விட்ட செய்தி வந்ததும் உனக்குத்தான் முதலில் எழுத நினைத்தேன். அவருடைய ஆகச் சிறந்த தமிழ்ப் பாட்டு 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் 'ராசாத்தி உன்ன காணாத நெஞ்சு' என்று நீ அடம்பிடிப்பாய். நான் 'மே மாதம்' படத்தின் 'என் மேல் விழுந்த மழைத்துளியே' பக்கம். சித்ராவோடு பாடும்போதும் அவர் குரலை ஒரு படிகூட உயர்த்துவதில்லை. 'கத்தாழங்காட்டு வழி'யைச் சொல்லி நீ என்னை மடக்கப் பார்ப்பாய் என்று தெரியும், அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். உடனே எழுது, ஒரே ஒரு பாட்டுதான் சொல்லலாம், காரணத்தோடு.

உன்,
தேவகி